அச்சமும் ஞாபகமும்

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குங்கால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நேற்று ஒப்பித்த பாடத்தை இன்று மறந்து திகைக்கும் பிள்ளைகள் உளர். அதனைச் சோம்பல் என்று ஏசுவோர் பலர். அச்சமே காரணமாகவும் இருக்கலாம்.

புதுப் பாடத்தை நினைவிற் பதிப்பதில் முதன்மையானது மூளையின் உட்புறத்துள்ள, கடற்குதிரையை ஒத்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. பிறந்த பின்னரும் எலிகளுக்கு அங்கே புதிய நரம்புக் கலங்கள் தோன்றுவதை 1965இல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் காட்டினர். வளர்ந்த மனிதரிடத்து அவை எத்துணை தோன்றும் என்பதில் அறிஞர் இன்னும் ஒருமைப்படவில்லை. விலங்குகளில் நீடித்த மனவழுத்தம் அத்தோற்றத்தைக் குறைப்பது மட்டும் பலகாற் காணப்பட்டது.

பெங்களூரில் சுமந்த்ரா சட்டர்ஜி குழுவினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு நேயர்கள் கருத்திற் கொள்ளற்பாலது. நாளுக்கு இரண்டு மணி நேரமாகப் பத்து நாள் எலிகளை அசையவொட்டாது வைத்தனர். ஹிப்போகாம்பஸிலே நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்கின. அச்சவுணர்வுக்குரிய அமிக்டலாவிலோ அவை செழித்து நீண்டன! எலிக்குக் கண்டது பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் எனத் துணிதல் தகாது. ஆயினும் 2004இல் அக்குழுவினர் கண்ட மற்றொன்று பெற்றோரைச் சிந்திக்க வைக்கும். 21 நாள் ஓய்வளித்தபின் ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு மீண்டது; அமிக்டலா மீளவில்லை, எலிகளின் பதற்றமும் தணியவில்லை.