கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள்



நம் ஊரில் சுகவீனமான பிள்ளைக்கு ரொட்டியும் ரஸ்க்கும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். ஆனால் வட இந்தியாவில் நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் சில பிள்ளைகளுக்கு அந்த ரொட்டியே வியாதிக்குக் காரணமாயிருக்கிறது. இது "சீலியாக்" என்னும் நோய். இதைப்பற்றி அறிந்துகொண்டால் நீங்கள் இன்னும் கருத்தாய் ஜெபிக்கலாம்.

நோய் எப்படி உண்டாகிறது?

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பிசைந்த மாவு இழுபடுவது இதனால்தான். பிறவியிலேயே இதற்கு ஏதுவான உடல்வாகு உள்ளவர்களில் சிலருக்கு, குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் வெல்வெட் துணியின் இழைகளைப்போல் நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. இது தொற்றுநோய் அல்ல.

குழந்தை சப்பாத்தி சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். வயிறு உப்பும், கைகால்கள் மெலியும், வளர்ச்சி நின்றுவிடும். பெரியவர்களுக்கு வயிற்றுக் கோளாறு இல்லாமலே, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகையாகவோ எலும்புப் பலவீனமாகவோ வெளிப்படலாம். பூச்சித் தொல்லை என்றும் காசநோய் என்றும் எண்ணி, பெற்றோர் வருஷக்கணக்கில் அலைவதுண்டு.

வடக்கே ஏன் அதிகம்?

2016-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஹரியானா, அஸ்ஸாம், நம் வேலூர்ப் பகுதி ஆகிய இடங்களில் 23,000-க்கும் அதிகமானோரைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரம் பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு இந்நோய் இருந்தது. தெற்கே பதினாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே இருந்தது. நோய்க்கு ஏதுவான உடல்வாகு இரு பக்கத்தாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான். ஆனால் வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம் மட்டுமே. நம் வீடுகளிலும் சப்பாத்தியும் பரோட்டாவும் பெருகிவருவதால், நாமும் இதை அறிந்திருப்பது நல்லது.

சிகிச்சை என்ன?

முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். இவை முடியுமுன் கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் மறைந்துகொள்ளும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளையும் பரிசோதிப்பது அவசியம்.

இதற்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. நெதர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டு, தானியமே காரணம் என்று விளக்கினார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத அந்நாட்டில், இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும் அவர் கவனித்திருந்தார்.

அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, பருப்பு, கிழங்கு, பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடலாம். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், கேக், பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள் ஆகாது. பெருங்காயத்தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அரைத்த மில்லில் அரைத்த அரிசி மாவும், பூரி பொரித்த எண்ணெயும் கூடாது. ஒழுங்காகக் கைக்கொண்டால் சில வாரங்களிலேயே பசியும் முகத்தில் களையும் திரும்பும்; குடலும் நாளடைவில் ஆறும்.

சொல்வது எளிது. ரேஷனில் கோதுமையே கிடைக்கும் கூலிக் குடும்பத்துக்கு, ஒரு பிள்ளைக்கென்று தனி மாவும் தனிச் சட்டியும் வைப்பது பாரம். பிள்ளை சற்றுத் தேறியதும், "ஒரு துண்டு சப்பாத்திதானே" என்று பாட்டி ஆசையாய் ஊட்டிவிடுவாள். உள்ளே பாதிப்பு மறுபடியும் தொடங்கிவிடும். ஆகவே நம் நர்ஸ்கள் தாயோடுகூடப் பாட்டியையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சபைகளுக்கு ஒரு வார்த்தை

திருவிருந்தின் அப்பமும் கோதுமைதான். சிறு துண்டாயினும் இந்நோயாளிக்குத் தீங்கு செய்யும். ரோமன் கத்தோலிக்க சபையில் கோதுமை அப்பம் கட்டாயம். ஆனாலும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதிக்கிறார்கள். பாத்திரத்தில் மட்டும் பங்குபெறவும் வழியுண்டு. மற்றச் சபைகளில் போதகரிடம் முன்னதாகச் சொன்னால் அரிசி மாவு அப்பத்தைத் தனித்தட்டில் ஆயத்தம்பண்ணலாம். அப்பத்தைத் தோய்க்கும் வழக்கமுள்ள இடங்களில் தனிப்பாத்திரமும் வேண்டும். ஒருவரும் பந்திக்குப் புறம்பே நிற்கவேண்டியதில்லை.

ஜெபக் குறிப்புகள்:

1. நோய் இன்னதென்று அறியாமல் மெலிந்துபோகும் பிள்ளைகள் காலதாமதமின்றி மருத்துவரிடம் வந்துசேர.

2. ஏழைத் தாய்மார் சலிப்படையாமல் இந்த ஆகார ஒழுங்கைக் காத்துக்கொள்ள.

3. பரிசோதனைச் செலவும் மக்காச்சோள மாவும் தேவையான குடும்பங்களுக்காக. உங்கள் காணிக்கைகள் இவர்களையும் தாங்குகின்றன.