ஆபரேஷன் தியேட்டரில் ஒரு குரல் எழ வேண்டுமென்றால்

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை. 37 வயதான எலேன் பிராமிலிக்கு சைனஸ் தொல்லைக்காகச் சிறிய அறுவைச் சிகிச்சை செய்ய ஏற்பாடாகியிருந்தது. இரண்டு குழந்தைகளின் தாய். வழக்கமான சிகிச்சை என்பதால் யாருக்கும் பெரிய கவலை இல்லை.

மயக்க மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் அவருடைய மூச்சுப்பாதை அடைபட்டது. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்த முடியவில்லை. தொண்டைக்குள் குழாயை இறக்கவும் முடியவில்லை. இப்படி இரண்டும் கைகொடுக்காதபோது கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அங்கிருந்த மூத்த மருத்துவர்கள் மூவருக்கும் இது தெரிந்ததுதான். ஆனால் அந்த நெருக்கடியில் குழாயை இறக்கும் முயற்சியிலேயே அவர்கள் மூழ்கிப்போனார்கள். நிமிடங்கள் கழிந்தன.

செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவிகளை எடுத்துவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது மருத்துவர்கள் காதில் ஏறவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். அதை மருத்துவர்களிடம் தெரிவித்தபோது அவர்கள் பார்த்த பார்வையில், நாம்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று எண்ணி அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். எலேன் கண் விழிக்கவே இல்லை. 13 நாள் கழித்து இறந்தார்.

திறமையான மருத்துவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். தேவையான கருவி இருந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற அறிவும் இருந்தது. அந்த அறிவு கீழிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டுதான் இல்லாமல் போனது. அறுவைச் சிகிச்சைக் குழுவில் கருணையோடு வழிநடத்துவது என்றால் முதலில் அந்தப் படிக்கட்டைக் கட்டுவதுதான்.

கருணை என்றால் இங்கே என்ன பொருள்?

நிறுவனங்களின் உளவியலை ஆராயும் பிரிட்டன் பேராசிரியர் மைக்கேல் வெஸ்ட், மருத்துவமனைகளில் கருணையான தலைமையை நான்கு செயல்களாகப் பிரித்துச் சொல்கிறார்: கவனித்தல், புரிந்துகொள்ளுதல், அவர் நிலையில் நின்று உணர்தல், உதவுதல்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாண்டு பட்டமேற்படிப்பு மாணவர் தையல் போடும்போது கை நடுங்குகிறது. அது சீஃப் சர்ஜன் கண்ணில் படுவது கவனித்தல். பயமா, தூக்கமில்லையா, இந்தத் தையல் இன்னும் கைக்கு வரவில்லையா என்று விசாரிப்பது புரிந்துகொள்ளுதல். தன் முதல் தையலை நினைத்துப் பார்ப்பது உணர்தல். “மெதுவாகப் போடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்பதோ, இரண்டு இரவு தூங்காதவரை ஓய்வெடுக்க அனுப்புவதோ உதவுதல். நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் வெறும் அனுதாபமாக நின்றுவிடும்.

இதில் வேலையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. நோயாளிக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற கண்டிப்பு அப்படியே இருக்கிறது. அந்தக் கண்டிப்பை மற்றவர்கள் தாங்கிச் சுமக்க வலு கொடுப்பதுதான் தலைவரின் வேலை.

தியேட்டருக்கு ஏன் இது கூடுதலாகத் தேவை?

வார்டை விட தியேட்டர் இறுக்கமான இடம். சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், செவிலியர்கள், டெக்னீஷியன், பயிற்சி மருத்துவர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஷிஃப்ட் மாற மாற ஆட்களும் மாறுகிறார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க், தலையில் தொப்பி. பக்கத்தில் நிற்பவர் பெயர்கூடத் தெரியாமல் ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. இதற்கு மேல், சீஃப் சொன்னால் மறுபேச்சில்லை என்ற நெடுநாள் பழக்கம்.

இந்தச் சூழலில் கடுஞ்சொல் என்ன செய்யும்? இஸ்ரேலில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. ஒரு குழந்தையின் நிலை மோசமாவது போன்ற பயிற்சிச் சூழலை எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணராக அறிமுகம் செய்யப்பட்ட ஒருவர் இஸ்ரேல் மருத்துவத்தின் தரத்தைப் பற்றி இளக்காரமாக இரண்டு வார்த்தை சொன்னார். திட்டுக்கூட இல்லை, அவ்வளவுதான். அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தன.

சுடுசொல்லைக் கேட்டவர் மனம் அந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மானிட்டரில் எண் இறங்குவதைப் பார்க்க வேண்டிய கண் தப்பவிடுகிறது. பார்த்தாலும், மறுபடி திட்டு வாங்க வேண்டுமா என்று வாய் திறப்பதில்லை. ஊழியரை நோகடித்த சொல் கடைசியில் மேஜையில் படுத்திருப்பவர் மேல் போய் விழுகிறது.

இன்னோர் ஆய்வும் இதையொட்டியதே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே ஆட்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே காரணமாகத் தெரிந்தது. பயம் உள்ள இடத்தில் பிழை குறைவதில்லை, ஏட்டில் ஏறுவதுதான் குறைகிறது.

பெயர் சொல்லித் தொடங்குவது

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டம். ஆள் சரியா, இடம் சரியா, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்று சத்தமாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

புதுதில்லி, லண்டன், மணிலா, டொரொண்டோ உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்த பின் பார்த்தபோது, இறப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. சடங்குக்கு டிக் அடிக்கும் இடத்தில் தாள் தானாக வேலை செய்யாது என்பது அவற்றில் முக்கியமானது.

பெயர் சொல்லும் அந்த அரை நிமிடம் ஏன் முக்கியம்? முதலில் ஒரு தடவை வாய் திறந்தவருக்கு, பிறகு ஆபத்து நேரத்தில் மீண்டும் வாய் திறப்பது எளிது. “தம்பி”, “சிஸ்டர்” என்று கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரம் நெருக்கடியில்தான் தெரியும். சிட்னியைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ராப் ஹாக்கெட் 2017இல் தன் தியேட்டர் தொப்பியிலேயே பெயரையும் பொறுப்பையும் எழுதிக்கொண்டார். பல நாடுகளில் மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள்.

சர்ஜன் இந்த நேரத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாம்: “நான் எதையாவது கவனிக்காமல் விட்டால் யார் வேண்டுமானாலும் என்னை நிறுத்துங்கள்.” அன்று யாராவது நிறுத்தினால், அவர் சொன்னது தவறாகவே இருந்தாலும், நன்றி சொல்ல வேண்டும். நன்றி கேட்டவர் நாளைக்கும் சொல்வார்.

தவறு நடந்த மறுநாள்

சிகிச்சையில் பெரும்பிழை நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது நோயாளியும் குடும்பமும். அவர்களிடம் உண்மையை ஒளிக்காமல் சொல்வது முதல் கடமை. அதே நாளில் இன்னொருவரும் உடைந்துபோயிருப்பார்: அந்தப் பிழையில் கை வைத்த ஊழியர். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டில் இவரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று அழைத்தார். நோயாளிகளின் உறவினர் சிலருக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. அவர்கள் மனத்தாங்கலில் நியாயம் உண்டு. எப்படி அழைத்தாலும், தூக்கமிழந்து, தன்மேல் நம்பிக்கையிழந்து நிற்கும் ஒருவரை மறுநாள் காலை அடுத்த கேஸுக்கு அனுப்பினால் அடுத்த நோயாளிக்கும் ஆபத்துதான்.

தலைவர் அன்றே அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். விசாரணை நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாக விடமாட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மறுநாள் பணியை வேறொருவருக்கு மாற்றித்தர வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் நாள் “நான் நல்லாத்தான் இருக்கேன் சார்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

பெரிய பிழை எதுவும் நடக்காத நாட்களிலும் சுமை சேர்கிறது. அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்ன அன்பு தாங்க முடியாததைத் தாங்கவைத்தது என்று அவர் எழுதிவைத்தார். அவர் பெயரில் அமைந்த அமைப்பு 1997 முதல் ‘ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்’ கூட்டங்களை நடத்துகிறது. மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நோயாளியைக் கவனித்தது தம் மனதை என்ன செய்தது என்று பேசுவார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற ஆராய்ச்சி அங்கே கிடையாது. 2009இல் இந்தக் கூட்டங்கள் பிரிட்டனுக்கும் வந்தன.

தவறுக்கு மன்னிப்பு உண்டா?

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் அன்பால் மூடிவிட்டால் பொறுப்பு யாருக்கு? தெரிந்தே விதியை மீறுபவர், குடித்துவிட்டு வருபவர், மாணவியிடம் தகாதபடி நடப்பவர் ஆகியோர்மேல் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அவர்களைக் காப்பாற்றுவது மற்ற எல்லோருக்கும் செய்யும் கொடுமை. ஆனால் பெரும்பாலான பிழைகள் களைப்பாலும், ஒன்றுபோல் தோன்றும் மருந்துக் குப்பிகளாலும், அவசரத்தாலும் நேர்பவை. அங்கே ஆளைத் தண்டித்தால் குப்பி அப்படியே அலமாரியில் இருக்கும். அடுத்த ஆளும் அதையே எடுப்பார்.

இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனைகளில் நோயாளிகள் பட்ட அவலம் விசாரணையில் வெளிவந்த பிறகு, 2013இல் பிரிட்டன் அரசு கேட்டு அமெரிக்க மருத்துவர் டான் பெர்விக் தந்த அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. அச்சத்தால் பாதுகாப்பு வளராது, கற்பதால் வளரும் என்பதே அதன் சாரம்.

கருணை ஏட்டுச் சுரைக்காயாகிவிடாமல் இருக்க, மிகச் சாதாரணமானவற்றில் தொடங்கலாம். நீண்ட கேஸின் நடுவே செவிலியருக்குச் சாப்பிட மாற்றாள் உண்டா? இரவுப் பணி முடித்தவர் வண்டி ஓட்டிப் போகும் முன் தூங்க ஒரு படுக்கை உண்டா? சீஃப் கோபத்தில் கத்திய அன்று, எல்லோர் முன்னாலும் கத்தியதற்கு எல்லோர் முன்னாலும் வருத்தம் சொன்னாரா?

எலேனின் கணவர் மார்ட்டின் பிராமிலி விமானி. விமானத் துறை இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது: துணை விமானி பயந்து பேசாமல் இருந்ததால் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு, 1979 முதலே தலைமை விமானிக்குக் கேட்கவும் மற்றவர்களுக்குச் சொல்லவும் பயிற்சி தரும் முறை உருவாகத் தொடங்கியது. மனைவியை இழந்த பிறகு மார்ட்டின் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று சுதந்திரமாக விசாரிக்கச் சொன்னார். 2007இல் மருத்துவத்தில் களைப்பு, பதற்றம், பேசத் தயங்குவது போன்ற மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றே அவர் விரும்பினார். அந்த அனுபவத்தோடு அவர்கள் இன்னும் நல்ல மருத்துவர்களாக, செவிலியர்களாக இருப்பார்கள் என்று நம்பினார்.

மனைவியையே இழந்த ஒருவர் அந்த ஊழியர்களுக்குக் கொடுத்தது அது. அவர்களுடைய தலைவர்கள் அதை ஒரு நாள் முன்பே கொடுத்திருந்தால், கருவிப் பெட்டியோடு நின்ற அந்தச் செவிலியர் இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொல்லியிருப்பார்.