குடல் புண் போல நடிக்கும் வியாதி!

1956-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வயிற்று வலியால் துடித்தார். வாந்தி எடுத்தார். வயிறு உப்பியது.

வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டு போனார்கள். 9-ந் தேதி அதிகாலையில் ஆபரேஷன் நடந்தது.

அவருடைய சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, சுருங்கி, அடைத்துக் கொண்டிருந்தது. டாக்டர்கள் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கவில்லை. உணவு அதைச் சுற்றிச் செல்லும்படி வேறு வழி அமைத்தார்கள்.

ஐசனோவர் பிழைத்தார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் மீண்டும் வெற்றி பெற்றார்.

அவருக்கு வயிற்று வலி புதிது அல்ல. 1923-ம் ஆண்டிலேயே குடல்வால் ஆபரேஷன் செய்து கொண்டவர் அவர். அதன் பிறகும் வலி விட்டு விட்டு வந்தது. 33 ஆண்டுகள் கழித்துத்தான் வியாதியின் பெயர் தெரிந்தது.

அதுதான் குரோன் வியாதி!

பெயர் வந்த கதை

நியூயார்க்கில் மவுண்ட் சினாய் என்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கு வேலை பார்த்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று டாக்டர்கள், 14 நோயாளிகளைப் பற்றி 1932-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஆங்கில அகர வரிசைப்படி குரோனின் பெயர் முதலில் அச்சானது. அந்தப் பெயரே வியாதிக்கும் நிலைத்து விட்டது. டாக்டர் குரோன் 99 வயது வரை வாழ்ந்து, 1983-ல் காலமானார்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டுமே இந்த வியாதி வரும் என்று அவர்கள் முதலில் நினைத்தார்கள். அது சரி அல்ல என்று பின்னர் தெரிந்தது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் இது வரலாம்.

நம் உடம்பில் ஒரு காவல்படை உண்டு. கிருமிகள் நுழைந்தால் அவற்றை எதிர்த்துப் போராடுவது அதன் வேலை. குரோன் வியாதியில் இந்தப் படை வழி தவறி, சொந்தக் குடலையே தாக்குகிறது. குடல் புண்ணாகி, வீங்கி, நாளடைவில் சுருங்கி விடுகிறது.

இது தொற்று நோய் அல்ல. நோயாளியின் தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

மேல் வயிற்றில் வந்தால்...

சிறுகுடலின் கடைசியிலும் பெருங்குடலிலும்தான் இந்த வியாதி அதிகம். சிலருக்கு வாய், உணவுக்குழாய், இரைப்பை, அதை அடுத்த முன்சிறுகுடல் ஆகிய மேல் பகுதிகளிலும் வருகிறது. பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் இதை அதிகமாகக் காணலாம்.

மேலே வரும்போதுதான் இது ஆளை ஏமாற்றுகிறது. எப்படி?

ஒரு பையனை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 14. சாப்பிட்டதும் மேல் வயிறு வலிக்கிறது என்கிறான். நாலு கவளத்திலேயே வயிறு நிரம்பி விட்டது என்று எழுந்து விடுகிறான். "பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறான்" என்கிறார் தகப்பனார். "கண்ட பலகாரத்தையும் தின்றால் இப்படித்தான்" என்கிறார் பாட்டி.

மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். வலி கொஞ்சம் குறைகிறது. "குடல் புண்தான், சரியாகி விடும்" என்று இருந்து விடுகிறார்கள்.

ஓர் ஆண்டு போகிறது. உடன் படிப்பவர்கள் எல்லாம் வளர்ந்து விட்டார்கள். இவன் மட்டும் வளரவில்லை. சட்டை தொளதொளக்கிறது. முகம் வெளுத்து விட்டது.

பையன் நடிக்கவில்லை. வியாதிதான் குடல் புண்ணைப் போல நடிக்கிறது!

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வாயில் அடிக்கடி புண் வரும், உதடு வீங்கும். உணவுக்குழாயில் என்றால், விழுங்கும்போது வலிக்கும். உணவு நெஞ்சில் சிக்கியது போல இருக்கும். இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் என்றால், மேல் வயிற்று வலி, குமட்டல், வாந்தி, பசியின்மை ஆகியவை இருக்கும்.

இவை சாதாரணக் கோளாறுகளிலும் வரக் கூடியவையே. வாய்ப்புண் வந்தவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டாம். இவற்றோடு வேறு சில சேர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உடல் மெலிவது, ரத்த சோகை, விட்டு விட்டு வரும் காய்ச்சல், நாட்பட்ட வயிற்றுப்போக்கு, மூட்டு வலி, கண் சிவப்பு, ஆசனவாய் அருகே பவுத்திரம் ஆகியவையே அவை.

பவுத்திரத்தை வெளியே சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். டாக்டரிடம் வெட்கம் கூடாது. அந்த ஒரு வார்த்தையே வியாதியைக் காட்டிக் கொடுக்கலாம்.

காலையில் உண்டதை மாலையில் வாந்தி எடுத்தாலும், ரத்த வாந்தி வந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் போனாலும், வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாமல் நின்றாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"இதோ, இதுதான் குரோன்" என்று சொல்ல ஒரே ஒரு பரிசோதனை கிடையாது. பல சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் போல டாக்டர் நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ரத்தமும் மலமும் சோதிக்கப்படும். மலச் சோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஆனால் வியாதி மேலே மட்டும் இருந்தால் அது காட்டாமலும் போகலாம்.

அடுத்தது எண்டோஸ்கோப்பி. நுனியில் காமிரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டை மரத்துப் போக மருந்து தெளிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்து விடும்.

உள்ளே சிறு புண்களோ, நீண்ட புண்களோ, கூழாங்கல் பாவியது போன்ற மேடு பள்ளங்களோ, சுருக்கமோ தெரியலாம். பார்ப்பதோடு நின்று விடக் கூடாது. துளித் துளியாகச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இதுதான் பயாப்சி. சதை எடுப்பது நோயாளிக்கு வலிக்காது. நன்றாக இருப்பது போலத் தோன்றும் இடத்திலும் எடுப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாதது பூதக் கண்ணாடியில் தெரியக் கூடும்.

சாதாரணக் குடல் புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். கிருமியும் இல்லை, மாத்திரையும் சாப்பிடவில்லை, ஆனாலும் புண் ஆறவில்லை என்றால் குரோன் மேல் சந்தேகம் விழுகிறது.

மேலே வியாதி உள்ளவர்களில் அநேகருக்குக் கீழேயும் இருக்கும். ஆகவே ஆசனவாய் வழியாகப் பெருங்குடலையும் பார்ப்பார்கள். நடுவில் உள்ள சிறுகுடலை ஸ்கேன் மூலம் பார்க்கலாம். மாத்திரை போல விழுங்கும் காமிராவும் 2001 முதல் இருக்கிறது. குடல் சுருங்கியிருந்தால் அது சிக்கிக் கொள்ளும். அதனால் முதலில் வழி இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் கொடுப்பார்கள்.

காசநோயா, குரோனா?

இந்தியா போன்ற, காசநோய் மிகுந்த நாடுகளில் இதுதான் பெரிய கேள்வி.

காசநோய் நெஞ்சில் மட்டும் வருவது அல்ல. இருமலே இல்லாமல் குடலிலும் வரும். இரண்டிலும் வலி, மெலிவு, காய்ச்சல் உண்டு. பயாப்சியிலும் இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம். காசநோயில் நடுவே பாலாடைக்கட்டி போன்ற அழுகல் இருந்தால் அடையாளம் தெரியும். எப்போதும் அப்படி இருப்பதில்லை.

தவறாகக் கணித்தால் ஆபத்து. குரோனுக்குக் கொடுக்கும் மருந்துகள் உடம்பின் காவல்படையை அடக்கி வைப்பவை. காசநோய் உள்ளவருக்கு அவற்றைக் கொடுத்தால் கிருமி தலைவிரித்து ஆடும். ஆகவே டாக்டர் இன்னொரு சோதனை கேட்டால், "பணம் பிடுங்கவே கேட்கிறார்" என்று எண்ணி விடாதீர்கள்.

சிகிச்சை உண்டு

குரோன் வியாதியை வேரோடு அறுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். ஸ்டீராய்டு, அசாதயோபிரின், 1998-ல் வந்த இன்ப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து என்று பல வழிகள் இருக்கின்றன. முன்சிறுகுடல் சுருங்கினால் சிறு பலூனை உள்ளே விட்டு விரிப்பார்கள். முடியாவிட்டால் ஆபரேஷன் செய்வார்கள்.

புகை பிடிப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும். பீடி, சிகரெட் இந்த வியாதிக்குத் தூபம் போடும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். வலி எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு குறைந்தது, என்ன மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பவற்றை எழுதினால் போதும். பாதி வேலை அதிலேயே முடிந்து விடும்.

ஐசனோவர் பெயர் தெரியாத வலியோடு 33 ஆண்டுகள் காலம் தள்ளினார். இன்று அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மாத்திரைக்கு அடங்காத வயிற்று வலியோடு எடையும் குறைகிறதா? மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள்!