யார்க் நகரில் ஒரு நாள்

பழமை மிக்க ஊரைக் காணச் செல்வார் இருவகையினர். ஒரு சாரார் பெயர்பெற்ற கட்டிடங்களை விரைந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியேறுவர். மற்றொரு சாரார் மெல்ல நடந்து, கல்லும் தெருவும் கூறும் வரலாற்றைக் கேட்டுச் செல்வர். இவ்விரண்டாம் முறையிற் காணத்தக்க நகரங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் வடபகுதியில் ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த யார்க். அதனை ஒரு பகற்பொழுதில் சுற்றிவரும் வகையை ஈண்டுக் கூறுவாம்.

காலையில் நகர மதிலின்மேல் ஏறுதல் நலம். கி.பி. 71-இல் உரோமர் இங்கே ஒரு படைக்கோட்டை அமைத்து, எபோராக்கம் எனப் பெயரிட்டனர். கான்ஸ்டன்டைனை அவன்தன் படைவீரர் 306-இல் பேரரசனாக முழங்கியது இவ்வூரிலேயாம். பின்னர்க் கிறிஸ்தவர்க்கு வழிபாட்டுரிமை நல்கியவன் அவனே. 866-இல் வைக்கிங்கர் நகரைக் கைப்பற்றினர். அவர்தம் மொழி இன்றும் தெருப்பெயர்களில் வாழ்கின்றது. 'கேட்' என்று முடியும் பெயரைக் கண்டு ஆங்கே வாயிலைத் தேடுவார் ஏமாறுவர். அச்சொல் அவர்மொழியில் தெருவையே குறிக்கும். வாயில்களுக்கோ 'பார்' என்று பெயர். இன்று நிற்கும் மதிலிற் பெரும்பகுதி இடைக்காலத்தது. ஏறத்தாழ 2 மைல் எஞ்சியுள்ளது. பூதம் பார் முதல் மங்க் பார் வரை நடப்பின், தோட்டங்களுக்கு அப்பால் பேராலயத்தின் கோபுரங்கள் நம்முடன் நடந்துவருவன போலத் தோன்றும்.

மதிலினின்றிறங்கி அப்பேராலயத்துட் புகுவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய இன்றைய கட்டிடம் 1472-இல் பிரதிட்டை செய்யப்பெற்றது. அதன் கீழைப் பெருஞ்சாளரம் டென்னிஸ் ஆடுகளத்தையொத்த பரப்புடையது. ஜான் தார்ண்டன் என்னும் கண்ணாடி வினைஞர் 1405 முதல் 1408 வரை அதனை இயற்றினார். உலகப் படைப்பு முதல் உலக முடிவு ஈறாக வேதாகமச் செய்திகள் வண்ணக் கண்ணாடியில் விளங்குகின்றன. எழுத்தறியாத உழவனும் கதிரவன் ஒளியால் வேதத்தைக் கற்றான் என்னலாம். 1984 ஜூலை 9-இல் தென்புறக் கூரை எரிந்து வீழ்ந்தபோதும், நகரத்தார் சோர்வுறாது அதனை மீளக் கட்டினர்.

நண்பகலில் ஷாம்பில்ஸ் என்னும் குறுந்தெருவை அடைவோம். இறைச்சி பரப்பும் பலகையைக் குறித்த பழஞ்சொல்லே இப்பெயராயிற்று. இன்று கசாப்புக் கடைகள் இல்லை. தேநீர்ச்சாலைகளும் நினைவுப்பொருட் கடைகளும் உள்ளன. எதிரெதிர் மேன்மாடங்கள் ஒன்றையொன்று தொடுவன போற் சாய்ந்து நிற்கும் அழகைக் கண்டு இளைப்பாறலாம். ஆயினும் இத்தெருவில் ஒரு சிற்றாலயமும் உண்டு. அது கசாப்புக்காரர் ஒருவரின் மனைவியாகிய மார்கரெட் கிளிதரோவின் நினைவாக அமைந்தது. எலிசபெத் அரசியின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாரை ஒளித்துவைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்ற அவ்வம்மையார், நீதிமன்றில் விடைகூற மறுத்தமையால் 1586-இல் பாரங்களின் கீழ் நசுக்கிக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே கொன்றனர்.

மாலையில் கிளிஃபர்ட் கோபுரத்தை நோக்கிச் செல்வோம். பசும்புல் மேட்டின்மீது அது தனித்து நிற்கின்றது. இக்கற்கோபுரம் எழுமுன் இங்கே மரக்கோபுரம் ஒன்று இருந்தது. 1190 மார்ச்சில், வெறிகொண்ட கூட்டத்திற்கு அஞ்சி ஏறத்தாழ 150 யூதர் அதனுட் புகுந்தனர். பகைவர் கைப்படுதலினும் இறத்தலே மேலென்று பலர் தம் குடும்பத்தாரையும் தம்மையும் மாய்த்துக்கொண்டனர், கோபுரம் தீப்பற்றியது. ஞானஸ்நானம் பெற்றால் உயிர் பிழைக்கலாம் என்ற உறுதியை நம்பி வெளிவந்தோரும் கொல்லப்பட்டனர். கொலைஞருட் சிலர் அவர்களிடம் கடன்பட்டவர். அவர்கள் அந்நாளில் நின்ற பேராலயத்திற்கு விரைந்து, அங்கு வைக்கப்பட்டிருந்த கடன் முறிகளை எரித்தனர். சமயப்பற்றென்னும் போர்வையுள் பணவாசை மறைந்திருந்தமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

1978-இல் அம்மேட்டினடியில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பெற்றது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்தேனும் நகரம் தன் பழியைக் கல்லில் எழுதி வழிப்போக்கர் கண்முன் வைத்தது. பகையரசர் வென்றதை எழுதுதல் எளிது. தான் செய்த கொடுமையை எழுதுதல் அரிது. யார்க்கின் பெருமையுள் இதனையும் சேர்த்தெண்ணுதல் தகும்.

கோபுரத்திற்கும் பேராலயத்திற்கும் இடையே ஏறத்தாழக் கால்மணி நேர நடையே. விரைவோர் சாளரத்தின் ஒளியை மட்டுமோ கோபுரத்தின் துயரை மட்டுமோ கண்டு செல்வர். அவ்விரண்டிற்கும் இடையே நடப்பவரே நகரை முழுதும் காண்பவர். நம் திருச்சபை வரலாற்றைப் பயிலும் மாணவராகிய நமக்கும் இந்நடை வேண்டும். தூயோர் எழுப்பிய ஆலயங்களைப் போற்றுவோம்; அவற்றின் நிழலிற் சிந்திய குருதியையும் மறவாதிருப்போம். அங்ஙனம் நினைக்கும் சமுதாயமே அன்பின் கட்டளையை மெய்யாகவே கைக்கொள்ளத் தொடங்கும்.