இரவுக்கு 1,200 ரூபாய்: பூட்டான் எதை எண்ணுகிறது?

கடந்த சில வாரங்களாக வரும் வாசகர் கடிதங்களில் ஒரே தேதி திரும்பத் திரும்ப வருகிறது: 2027 ஆகஸ்ட் 31. அதற்குள் பூட்டான் போய்வராவிட்டால் கட்டணம் இரட்டிப்பாகிவிடும் என்று பயண முகவர்கள் சொல்கிறார்களாம். வேலையில் சேர்ந்து முதல் வருடச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துவைத்து, முதுகுப் பையோடு இமயமலை பார்க்கக் கிளம்ப நினைக்கும் பிள்ளைகள்தான் அதிகம் பதறுகிறார்கள். விடுப்பு கிடைக்காவிட்டால் இனி அந்த நாடு எட்டாக்கனியா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இந்தியக் குடிமக்களுக்கு அந்தத் தேதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது டாலரில் கட்டுபவர்களுக்கான கெடு. பூட்டானின் 2022 சட்டம் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் என்று நிர்ணயித்தது. 2023 செப்டம்பரில் அதை 100 டாலராகக் குறைத்தார்கள். அந்தச் சலுகைக்கான ஆயுள் நான்கு ஆண்டு. அது முடிவதுதான் 2027 ஆகஸ்ட் 31. நீட்டிக்காவிட்டால் பழையபடி 200. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் இந்தக் கணக்கில் வருகிறார்கள்; அவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். அதற்கு முடிவுத் தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. இதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேதி இல்லாத கட்டணத்தை எந்த நாளிலும் மாற்றலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதன் அதிகாரபூர்வப் பெயர் ‘நீடித்த வளர்ச்சிக் கட்டணம்’. காடு காக்க, இலவச மருத்துவத்துக்கு, இலவசக் கல்விக்கு என்று அரசு விளக்கம் தருகிறது. பணம் போய்ச் சேருவது அரசின் பொதுக் கருவூலத்தில். அங்கே மற்ற வரிப் பணத்தோடு கலந்துவிடுகிறது. ஆகவே பெயரை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இது அந்நியர் ஒருவர் பூட்டானில் தூங்கும் ஒவ்வோர் இரவுக்கும் விதிக்கப்படும் தலைவரி. அந்த ‘ஒவ்வோர் இரவுக்கும்’ என்பதில்தான் எனக்குப் பெரிய நெருடல் இருக்கிறது. கடிதம் எழுதிய யாரும் அதைக் கேட்கவில்லை. சிக்கனப் பயணிக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை என்பேன்.

இரவுக் கணக்கு எங்கிருந்து வந்தது? பூட்டான் 1974இல்தான் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கதவு திறந்தது. ‘அதிக மதிப்பு, குறைந்த எண்ணிக்கை’ என்பது அதன் கொள்கை. பல ஆண்டுகள் டாலர் பயணிகளுக்கு அரசே ஒரு குறைந்தபட்ச நாள் விலையை நிர்ணயித்து வைத்திருந்தது. 2022க்கு முன்பு அது சீசனில் 250 டாலர், மற்ற மாதங்களில் 200 டாலர். அந்தத் தொகைக்குள் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கார், வழிகாட்டி எல்லாம் அடங்கும். அரசுக்குப் போனது அதில் 65 டாலர்தான். தனியாக வந்தவரிடம் இரவுக்கு 40 டாலர் கூடுதலாகவும், இருவராக வந்தால் ஆளுக்கு 30 டாலர் கூடுதலாகவும் வாங்கினார்கள். தனியாகச் சுற்றுபவரை அந்த நாடு என்றுமே வரவேற்றதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் அந்த முறையில் இரவை எண்ணியதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஓர் இரவு கூடினால் ஒரு படுக்கை, ஒரு சாப்பாடு, ஒரு நாள் கார் வாடகை கூடும்.

2022இல் இந்தத் தொகுப்பு முறையைப் பிரித்துவிட்டார்கள். அறையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுதந்திரம்தான். ஆனால் உள்ளே இருந்த பண்டங்கள் எல்லாம் வெளியே போன பிறகும் அளவுகோல் மட்டும் அப்படியே நின்றது. 65 டாலராக இருந்த அரசின் பங்கு 200 டாலராக உயர்ந்தது. படுக்கைக்கும் சோற்றுக்கும் பொருந்திய கணக்கை ஒரு வரிக்குப் பொருத்தியதன் விளைவைச் சிக்கனப் பயணிதான் சுமக்கிறார்.

இந்தியக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அறை, சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர். அவருக்கு இந்தக் கட்டணம் 80 சதவீதக் கூடுதல் செலவு. பூட்டானில் இரவுக்கு லட்சம் ரூபாய் வாங்கும் சொகுசு விடுதிகளும் உண்டு. அங்கே தங்கும் இந்தியரும் அதே 1,200 ரூபாய்தான் கட்டுகிறார். அவருக்கு அது 1.2 சதவீதம். நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டியும் தனிக் காரும் பயன்படுத்துபவருக்கும், ஊர்க்காரர்களோடு பேருந்தில் இடித்துப்பிடித்துப் போய், எமா தட்ஷி என்ற மிளகாய்ச் சீஸ் குழம்பு சாப்பிட்டுவிட்டு நடந்தே ஊர் பார்ப்பவருக்கும் ஒரே வரி. இயற்கைக்கு யாரால் அதிகச் சுமை என்ற கேள்வி இந்தக் கட்டணத்துக்குள் எங்குமே இல்லை. பெயரில் மட்டும் ‘நீடித்த’ இருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது, இரவை எண்ணும் வரி பயணிகளின் வழியையே மாற்றிவிடுகிறது என்பது. ஒவ்வோர் இரவும் காசு என்றால் ஆள் என்ன செய்வார்? நாலு இரவில் முடிப்பார். நாலு இரவில் பார்க்க முடிந்தது பாரோ, திம்பு, கொஞ்சம் ஓடினால் புனாக்கா. மூன்றும் மேற்கில். கிழக்கே டிராஷிகாங்குக்குத் திம்புவிலிருந்து மலைப்பாதையில் 500 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் இரண்டு நாள் பிடிக்கும். வழியில் எதையும் பார்க்காமல் போய்த் திரும்பவே நாலு நாள். ஆக, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கும் வரி. கிழக்கே பயணிகள் வருவதில்லை, அங்கே கிராமங்கள் காலியாகின்றன என்று கவலைப்படும் அரசே, கிழக்குக்குப் போவதைத்தான் மிக அதிகச் செலவுள்ள பயணமாக்கி வைத்திருக்கிறது.

உச்சகட்ட உதாரணம் பூட்டான் நெடும்பாதை. மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே டிராஷிகாங் வரை 403 கிலோமீட்டர். முன்பு அரசுத் தூதுவர்களும் யாத்திரிகர்களும் நடந்த பழைய மலைத்தடம். அதைச் செப்பனிட்டு, கொரோனாவுக்காக மூடிய எல்லையை 2022இல் திறந்தபோது பெருமையாக அறிவித்தார்கள். முழுதும் நடக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். 30 இரவு என்று வைத்தால் இந்தியருக்கு 36,000 ரூபாய். மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு 3,000 டாலர். அறை, சாப்பாடு, வழிகாட்டி தனி. காலால் நடந்து, ஒரு சொட்டு டீசல் எரிக்காமல், ஊர் ஊராகக் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போகிறவர்தான் அந்த நாட்டுக்கு அதிக வரி கட்டுகிறார்! ஒரு நாடு எந்த மாதிரிப் பயணியை விரும்புகிறது என்பதை அதன் சுற்றுலா விளம்பரத்தைவிட அதன் ரசீது தெளிவாகச் சொல்லிவிடும்.

இது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2023 ஜூனில் டாலர் பயணிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: 4 இரவுக்குக் கட்டினால் இன்னும் 4 இரவு இலவசம், 7 கட்டினால் 7, 12 கட்டினால் 18. மெதுவாகச் சுற்றுபவரைத் தண்டிக்காத, புத்திசாலித்தனமான திட்டம். ஓர் இரவு கூடக்கூடக் கட்டணம் தேய்ந்துகொண்டே போகும். அதே ஆண்டு செப்டம்பரில் அதைக் கைவிட்டு, எல்லோருக்கும் பாதி விலை என்று மாற்றிவிட்டார்கள். தலைப்புச் செய்திக்கு ‘பாதி விலை’ எடுப்பாக இருக்கும். ஆனால் தொலைந்தது சரியான யோசனை. இந்தியர்களுக்கோ அந்த 4-க்கு 4 அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பூட்டான் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் தவறு. 2019இல் அங்கே போனவர்கள் 3,15,000 பேருக்கு மேல். நாட்டின் மொத்த மக்கள்தொகையே எட்டு லட்சத்தை எட்டாது. வந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் இந்தியா, வங்கதேசம், மாலத்தீவைச் சேர்ந்தவர்கள். அன்று அவர்களுக்கு ஒரு பைசா கட்டணமில்லை. அந்த ஆண்டுதான் டோச்சுலா கணவாயில் இந்தியர் ஒருவர் புனித ஸ்தூபியின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது அந்த நாட்டையே புண்படுத்தியது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மே மாதம் என்ன நடக்கிறது என்று அறிந்த நாம், அவர்களின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. கட்டணம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நுழைவுக்கு ஒரு தொகை, தங்கத் தங்கக் குறையும் தொகை, அல்லது விடுதி வாடகையில் ஒரு சதவீதம் என்று வைத்திருந்தால் கூட்டமும் குறைந்திருக்கும், நடந்து போகிறவரும் தப்பித்திருப்பார். எல்லை திறந்த பிறகு 2023இல் வந்தவர்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். சிறிய விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் கடனில் தவிக்க, இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அந்த வெளியேற்றத்துக்கு இந்தக் கட்டணம் மட்டுமே காரணமல்ல. ஆனால் சிக்கனப் பயணி தங்குவது சிறிய விடுதியில்தான் என்பதை மறந்த கட்டணம் இது.

இந்தக் கட்டணத் தொகை மாறாத கல்வெட்டும் அல்ல. 2024இல் வங்கதேசத்தவருக்கு, ஆண்டுக்கு முதல் 15,000 பேர் வரை, இரவுக்கு 15 டாலர் என்று தனியே பேசி முடித்தார்கள்.

இருக்கும் விதிக்குள் காசை மிச்சப்படுத்த ஒரு நேர்வழி, எண்ணப்படுவது பகல் அல்ல, இரவு என்பதைப் பயன்படுத்திக்கொள்வது. விமானத்தில் பாரோவில் இறங்குபவருக்கு நேரம் கையில் இல்லை. தரைவழிப் பயணிக்கு இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாக நியூ ஜல்பைகுரி போகிறது. 2,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்துக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் ஆகும் செலவைவிட பூட்டானில் இரண்டு இரவுக்கான கட்டணம் அதிகம். அங்கிருந்து ஹாசிமாராவுக்கு வேறு ரயில், அல்லது சிலிகுரியிலிருந்து நேரே ஜெய்கானுக்குப் பேருந்து. முதல் இரவை இந்திய எல்லைக்குள் ஜெய்கானிலேயே கழியுங்கள். காலையில் முதல் ஆளாகக் குடிநுழைவு அலுவலகத்தில் நில்லுங்கள். பூட்டான் கடிகாரம் நம்மைவிட அரை மணி முந்தி ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அனுமதி கிடைத்ததும், எல்லையின் பூட்டான் பக்க ஊரான புன்சோலிங்கிலிருந்து திம்புவுக்குப் பேருந்தோ பங்கு டாக்சியோ பிடித்தால் ஐந்து மணி நேரம் போல ஆகும். திரும்பும் நாளிலும் அதிகாலையில் கிளம்பி மாலைக்குள் எல்லை தாண்டி, இரவை மறுபடி ஜெய்கானில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் நாலு இரவுக் கட்டணத்தில் ஐந்து முழுப் பகல் கிடைக்கும். அனுமதிக்கு இணையத்தில் முன்பே விண்ணப்பித்துவிட்டால் காலை நேரம் வீணாகாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஆதார் போதுமா? போதாது. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இரண்டும் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

குழந்தைகளுக்குக் கட்டணம்? ஐந்து வயது வரை இல்லை, 6 முதல் 12 வரை பாதி.

மகன் சிங்கப்பூர்க் குடிமகன், இந்திய வம்சாவளி அட்டை இருக்கிறது. 1,200 ரூபாய் போதுமா? இல்லை. கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டுக் கட்டணம், கூடவே 40 டாலர் விசா கட்டணம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் என்றால் 1,200தான்.

ரூபாயை மாற்ற வேண்டுமா? வேண்டாம். பூட்டானின் ஙுல்ட்ரமும் ரூபாயும் ஒரே மதிப்பு, நம் நோட்டு அங்கே செல்லும். அவர்கள் நோட்டு நம் ஊரில் செல்லாது, திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள்.

வழிகாட்டி கட்டாயமா? பாரோ, திம்பு வரை இந்தியர் தாமே சுற்றலாம். அதைத் தாண்டினால் பூட்டானிய வழிகாட்டி கூட வர வேண்டும். செலவைப் பங்கிட நாலு பேராகப் போவது நல்லது.

கொக்கு பார்க்க எப்போது? கருங்கழுத்துக் கொக்குகள் அக்டோபர் கடைசியில் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்குக்கு வந்து குளிர்காலம் முழுக்க இருக்கும்.

மழைக்காலத்தில் போகலாமா? அறை மலிவு, கூட்டம் இல்லை. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவில் சாலை அடைபடும். ஓரிரு இரவுக்கான பணத்தையும் கட்டணத்தையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு போங்கள்.