திருப்பதி வெயிலிலும் லே குளிரிலும் கார் ஏன் மக்கர் பண்ணுது? மலை ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி. பெங்களூருவிலிருந்து முல்பாகல், பலமனேர், சித்தூர் வழியாகத் திருப்பதி. வார இறுதியில் தரிசனத்துக்குக் கிளம்பும் பலருக்கு இந்த இரண்டு ரூட்டும் மனப்பாடம். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் இதே சாலை வேறு மாதிரி. மே மாதத்தில் சித்தூர், திருப்பதி பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் மூன்று, நான்கு மணி நேரம் ஓடிய கார், கடைசியில் ஒரு மலையும் ஏற வேண்டும்.

மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கும் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. வண்டிக்கு என்ன நடக்கிறது, எந்த இடத்தில் ஆபத்து வண்டிக்கு, எந்த இடத்தில் அது உங்களுக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயிலில் இன்ஜின் ஏன் சூடாகிறது?

இன்ஜின் சுமார் 90 முதல் 95 டிகிரி சூட்டில்தான் இயல்பாக ஓடும். அதற்கு மேல் வரும் சூட்டை கூலன்ட் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்று அதை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு சூடு வெளியேறும் என்பது கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. வெளியே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70 டிகிரி. வெளியே 43 டிகிரி என்றால் 52 டிகிரிதான். அதாவது அதே ரேடியேட்டர், அதே வேகத்தில், கிட்டத்தட்ட கால்வாசி குறைவான சூட்டையே வெளியேற்றும். இதோடு ஐந்து பேர், லக்கேஜ், முழு வேகத்தில் ஏசி, மலையேற்றம் எல்லாம் சேர்கிறது. ஏறும்போது வண்டியின் வேகமும் குறைவு, முன்பக்கம் வரும் காற்றும் குறைவு. சூடு அதிகமாக உற்பத்தியாகி, குறைவாக வெளியேறும் இடம் அதுதான்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

பலர் செய்வது இதுதான். கூலன்ட் குறைந்தால் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவது. அவசரத்துக்கு அது சரி, ஆனால் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது.

கூலிங் சிஸ்டம் பிரஷர் குக்கர் மாதிரி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதாலும், தண்ணீரோடு கிளைகால் கலந்திருப்பதாலும், உள்ளே 120 டிகிரி வரையிலும் கூலன்ட் கொதிக்காது. வெறும் தண்ணீர் அதைவிடச் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்கும்.

அதே காரணத்தால்தான், இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கொதிக்கும் திரவம் நேராக முகத்துக்கு வரும்.

டெம்பரேச்சர் முள் ஏறினால் என்ன செய்வது?

முள் நடுக்கோட்டைத் தாண்டுகிறது, ஆனால் இன்னும் சிவப்பைத் தொடவில்லையா? ஏசியை அணையுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாக வையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் கேபினுக்குள் இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் வியர்த்தால் இன்ஜின் தப்பிக்கும்.

முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ஹசார்ட் விளக்கு, ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல். ஆவி அடங்கிய பிறகுதான் பானெட். மூடியைத் தொட குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

வருவது ஆவியல்ல, ரப்பர் எரியும் வாடையும் புகையும் என்றால் கதை வேறு. எல்லோரும் உடனே இறங்கித் தள்ளிப் போக வேண்டும். அப்போது பானெட்டை முழுதாகத் தூக்கினால் காற்று உள்ளே போய்த் தீ பிடித்துக்கொள்ளும். பையை எடுக்கவோ போனை எடுக்கவோ திரும்பப் போகாதீர்கள். எரிபொருள் ஹோஸ் கசிவு, சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும் ஆயில், வெளியில் போட்ட ஹெட்லைட், ஹாரனுக்காக வெட்டி ஒட்டிய வயரிங் எல்லாமே கோடைத் தீக்கு வழி. டேஷ்போர்டில் லைட்டர், பவர் பேங்க், பாடி ஸ்பிரே வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் வேண்டாம்.

திருமலை மலைப்பாதையில் என்ன விசேஷம்?

திருமலைக்கு இரண்டு சாலைகள். 1944ல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. திருப்பதி ஊரிலிருந்து திருமலைக்கு 700 மீட்டருக்கு மேல் உயர வேண்டும்.

அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் மலையில் வண்டி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி போடுவார்கள். சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடும் என்பதால் அந்த வைத்தியம். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், பெட்ரோல் அழுத்தத்தோடு வருவதால், அந்தப் பிரச்சினை அரிது. ஆனால் சூட்டின் கணக்கு மாறவில்லை.

அலிபிரி சோதனைச் சாவடிக்கு முன் வண்டிக்கு 20, 30 நிமிடம் ஓய்வு கொடுங்கள். டீ குடிக்கிற நேரம்தான். ஏறும்போது குறைந்த கியரில், ஒரே சீரான வேகத்தில் போனால் போதும். இன்ஜின் திணறும்போது உயர்ந்த கியரில் வைத்து மிதிப்பதுதான் சூட்டை ஏற்றும். டர்போ இன்ஜின் என்றால், மேலே போனதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவது ஏன் ஆபத்து?

ஏறும்போது சூடாவது இன்ஜின். இறங்கும்போது சூடாவது பிரேக். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 700 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், சுமார் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யார் தாங்குவது, பிரேக்கா இன்ஜினா என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எல்லாம் பிரேக்குக்குத்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான தரவரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் பைப்பில் குமிழி வரும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஏறிய அதே கியர் அளவில், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோடு. திருமலையில் ஏற குறைந்தது 28 நிமிடம், இறங்க குறைந்தது 40 நிமிடம் என்று நேரம் வைத்திருப்பதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். அந்தக் கூடுதல் 12 நிமிடம் உங்கள் பிரேக்குக்கான நேரம்.

எலெக்ட்ரிக் காரில் இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரியில் சேர்க்கும். ஆனால் மேலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் சேர்க்க இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் குறையும். கொஞ்சம் காலி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்திய காருக்குள் எவ்வளவு சூடாகும்?

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. 2005ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. திருப்பதியின் 40 டிகிரியோடு இதைக் கூட்டிப் பாருங்கள்.

2025 மே மாதம், ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய 4 குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிரிழந்தனர். யாரும் அவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. கதவு பூட்டாமல் இருந்த கார், அவ்வளவுதான்.

"குழந்தை தூங்குது, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்பது வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாக உடல் சூடு ஏறும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியாக இருந்தாலும் எப்போதும் பூட்டியே வையுங்கள்.

மே மாதத்தில் ஓடிய பேட்டரி டிசம்பரில் ஏன் படுக்கிறது?

குளிர்காலத்தில் காலையில் சாவியைத் திருப்பினால் "டக் டக்" சத்தம் மட்டும் வரும். குளிர்தான் காரணம் என்று நினைப்போம். பாதிதான் உண்மை. பேட்டரியைத் தேய்ப்பது சூடு. வழக்கமாகச் சொல்லும் கணக்கு, சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். குளிர் அந்தத் தேய்மானத்தை வெளியே காட்டுகிறது. உறைநிலையில் நல்ல பேட்டரியே சுமார் மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜின் சுழலக் கூடுதல் பலம் கேட்கும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரியைக் கோடை முடிந்ததும் ஒருமுறை லோடு டெஸ்ட் செய்துவிடுவது நல்லது.

நம்ம ஊர்க் குளிருக்குப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு சூடாக்கத் தேவையில்லை. அரை நிமிடம் போதும்; பிறகு மெதுவாக ஓட்டினாலே இன்ஜின் சூடாகும்.

லடாக் போறவங்க என்ன கவனிக்கணும்?

திருப்பதி ரூட்டில் கை பழகியவர்களின் அடுத்த கனவு லே. அங்கே மைனஸ் டிகிரியில் சிக்கல் எரிபொருளிலேயே தொடங்கும். டீசலில் மெழுகு போன்ற பொருள் உண்டு. குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தரநிலைப்படி சாதாரண டீசல் ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டிய வரம்பு குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி. அதனால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலைக் கொண்டுவந்தது. கீழே நிரப்பிய டேங்கோடு குளிர்காலத்தில் மேலே போய்ச் சேராதீர்கள்.

கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீரும் இங்கேதான் பழிவாங்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையும் பிளந்துவிடும். சரிபாதி கலந்த கூலன்ட் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். டீசல் காரில் சுருள் விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவில் ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம் என்பதால், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

பனியில் சிக்கினால், எக்ஸாஸ்ட் குழாயைப் பனி மூடாமல் பார்த்த பிறகே ஹீட்டர். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையில் பனியில் மாட்டிய கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுங்குளிரோடு, கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் தெரியும்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

- இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிவு.
- டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி கூடினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். வழியில் கூடியிருக்கிறதே என்று சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.
- டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம். 2321 என்றால் 2021ன் 23வது வாரம் தயாரானது.
- பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா?
- ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், சிறிய தீயணைப்பான், டார்ச்.
- வெப்ப அலை எச்சரிக்கையில் சித்தூர், திருப்பதி என இரண்டு பெயரையும் தேடுங்கள். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம்.

முடிந்தால் காலை 10 மணிக்குள் அலிபிரியைத் தாண்டும்படி கிளம்புங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108, வேறு எந்த அவசரத்துக்கும் 112. மூன்றையும் போனில் சேமித்து வையுங்கள். வண்டி ஓட்டாதவர் போனிலும்.