லாண்ட்மாஸ்டர் ஓட்டுவோர் கவனத்திற்கு

வன்னியில் எந்த நாட்டு இருசக்கர உழவு இயந்திரமாக இருந்தாலும் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றே பெயர். ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர் ஜப்பானியக் குபோட்டாவுக்கும் சீன இயந்திரங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. உழவுக்கு மட்டுமல்ல, 2008, 2009 ஆம் ஆண்டுகளில் எமது மக்கள் சாமான்களையும் முதியோரையும் இதன் பெட்டியில் ஏற்றிக்கொண்டே இடம்பெயர்ந்தனர். ஆகவே இதை ஓட்டத் தெரியாதவர் எம்மிடையே குறைவு. ஆனால் ஓட்டத் தெரிந்தவரே ஏமாந்துபோகும் இடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, இறக்கம். சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடச்சில்லுக்கு விசை போகாது. வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது நடப்பது வேறு. அப்போது எஞ்சின் சில்லுகளைத் தள்ளுவதில்லை, ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இடக்கிளச்சைப் பிடித்ததும் இடச்சில்லு விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! பதற்றத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். பெட்டியும் பின்னாலிருந்து தள்ள, வாய்க்காலுக்குள் புரள ஒரு கணம் போதும். எனவே இறங்கத் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் கியர் மாற்ற வேண்டாம். பக்கக் கிளச்சுகளைத் தொடாமல், கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள். பெட்டியில் பிள்ளைகள் இருந்தால் இறக்கி நடக்க விடுங்கள்.

இரண்டாவது, பின்னுக்கு எடுத்தல். ரொட்டவேற்றர் சுழன்றபடி இருக்கப் பின்னுக்கு எடுத்து, ஓட்டுபவர் வரம்பில் தடுக்கி விழுந்தால், கத்திகள் அவர் காலின் மீதே வரும். சில இயந்திரங்களில் பின்கியர் போட்டதும் கத்தி நிற்கும் அமைப்பு உண்டு. திருத்தித் திருத்தி ஓடும் பழையவற்றில் அதை நம்பக்கூடாது. கத்தியை நிறுத்திய பின்னரே பின்னுக்கு எடுக்க வேண்டும். நெடுநாள் தரிசாகக் கிடந்த வளவில் முட்கம்பியும் பொலித்தீனும் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அவற்றை இழுத்தெடுக்குமுன் எஞ்சினையே நிறுத்துங்கள். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவது எமது வழக்கம்தான், ஆனால் சுழலும் பெல்ற்றுக்கு அது தெரியாது. காற்சட்டை நல்லது.

தரிசு வளவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனால் வெடிபொருள் அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முற்றுப்பெறவில்லை. மேலாக மண்வெட்டியால் கொத்தியபோது ஒன்றும் இருக்கவில்லை என்பதற்காக இயந்திரத்தை இறக்க வேண்டாம். துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

இனிப் பராமரிப்பு. பல குடும்பங்கள் மாறி மாறிப் பாவிக்கும் இயந்திரத்தில், முன்னவர் ஒயில் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கின்றனர். கடைசியில் ஒருவரும் பார்ப்பதில்லை. காலையில் பொறுப்பெடுப்பவரே அதைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை இயக்குமுன் ஒயிலையும் தண்ணீரையும் பார்க்கட்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

புழுதி விதைப்புக் காலத்தில் காற்று வடிகட்டியின் அடியிலுள்ள ஒயில் கிண்ணத்தை நாள்தோறும் பாருங்கள். சேறு படிந்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புதிய ஒயிலைக் குறியளவுக்கு விடுங்கள். அந்தப் புழுதி உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, ஒயில் எரிந்து புகை கக்கத் தொடங்கும். டீசலையும் கானில் ஓர் இரவு அடைய விட்டு, அடிமண்டியைக் கலக்காமல், துணியால் வடித்து ஊற்றுங்கள்.